கொள்ளுத் தாத்தாவின் பெயர் எந்தத் தாளில் இருக்கிறது? சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் வம்சாவளி தேடும் வழி

சீனக் குடும்பங்களில் குடும்பப்பெயர் தலைமுறை தாண்டி வருகிறது. டான் வீட்டில் பிறந்தவரின் அப்பாவழிக் கொள்ளுத் தாத்தாவும் டான்தான். தமிழ்ப் பெயர் அப்படி அமைவதில்லை. முருகையா எஸ்/ஓ வீரப்பன் என்று ஒருவர் இருந்தால், அவர் மகன் சண்முகம் எஸ்/ஓ முருகையா, பேத்தி கவிதா டி/ஓ சண்முகம். கவிதாவையும் வீரப்பனையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்று காட்ட ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லை. அவர்களை இணைப்பவை நடுவில் இருக்கும் இரண்டு தாள்கள்: வீரப்பன் பெயரும் முருகையா பெயரும் சேர்ந்து வரும் தாள் ஒன்று, முருகையா பெயரும் சண்முகம் பெயரும் சேர்ந்து வரும் தாள் ஒன்று. அவற்றில் ஒன்று தொலைந்தாலும் சங்கிலி அறுந்துவிடும்.

ஆகவே தமிழ்க் குடும்பத்தில் வம்சாவளி தேடுவது என்றால், இரண்டு தலைமுறையின் பெயர்கள் ஒரே இடத்தில் எழுதப்பட்ட சான்றுகளைத் திரட்டுவது. ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும் எதுவும், எவ்வளவு பழையதாக இருந்தாலும், சங்கிலியில் கோக்க உதவாது.

இன்னொரு தெளிவும் முதலிலேயே வேண்டும். ஆங்கிலப் படிவங்களில் வரும் லீனியேஜ் என்பது ஒரு மூதாதையிலிருந்து உங்கள் வரை இறங்கும் ஒற்றைக் கோடு. ஆன்செஸ்ட்ரி என்பது எல்லாக் கிளைகளும் சேர்ந்தது. நம் வீடுகளில் வம்சம் என்றதும் அப்பா வழியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் இந்தியாவின் வெளிநாடுவாழ் குடிமகன் அட்டையான ஓசிஐக்கு விண்ணப்பிக்கிறவர் அம்மா வழியையும் காட்டலாம். அப்பா பக்கத்துத் தாள்கள் கிடைக்கவில்லை என்று பாதியில் கைவிட்ட பலருக்கு அம்மா பக்கத்தில் முழுச் சங்கிலி கிடைத்திருக்கும்.

வேலையைத் தொடங்கும்போது எண் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3. யாராக இருந்தாலும் அவருடைய எண்ணை இரட்டிப்பாக்கினால் அவர் அப்பாவின் எண். அதோடு ஒன்று கூட்டினால் அவர் அம்மாவின் எண். அம்மாவின் அப்பா 6, அவருடைய அம்மா 13. கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டிகள் 8 முதல் 15 வரை வந்துவிடுவார்கள். கோப்புக்கும் படத்துக்கும் இந்த எண்ணையே பெயராக வைத்தால், வீட்டில் மூன்று லெட்சுமிகள் இருந்தாலும் குழப்பம் வராது.

பெரியவர்களிடம் கேட்கும்போது உறவுச் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். "அவர் என் தம்பி" என்றால் கூடப் பிறந்தவராகவும் இருக்கலாம், சித்தப்பா மகனாகவும் இருக்கலாம், பெரியம்மா மகனாகவும் இருக்கலாம். "மாமா" என்பவர் தாய்மாமனா, அத்தையின் கணவரா, மாமனாரா, அல்லது புளோக்கில் எல்லாரும் அப்படிக் கூப்பிட்ட ஒருவரா? இளைய தலைமுறை கசின் என்று சொல்லிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பங்காளியா, முறைப்பிள்ளையா என்பதே மறைந்துவிடும். "அவருடைய அப்பா பெயர் என்ன, அம்மா பெயர் என்ன?" என்று ஒவ்வொருவருக்கும் கேட்பதுதான் பாதுகாப்பு. கேட்பதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். பெயரின் உச்சரிப்பு பின்னால் ஊரைக் கண்டுபிடிக்க உதவும்.

உறவுச் சொற்களே ஊரைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. பாட்டியை அப்பத்தா என்று கூப்பிட்ட வீடு பெரும்பாலும் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம். அப்பாயி என்றால் திருச்சி, தஞ்சைப் பக்கம். அப்பச்சி என்ற சொல்லைக் கேட்டால் கவனம் வேண்டும்: செட்டிநாட்டில் அது அப்பாவைக் குறிக்கும், கொங்கு நாட்டில் அம்மாவின் அப்பாவை. அதைத் தவறாக எடுத்துக்கொண்டால் ஒரு தலைமுறை மாறிப் போகும், அப்பா வழி அம்மா வழியாகிவிடும்.

அரசாங்க அலுவலகத்துக்கு முன்னால் வீட்டு அலமாரி. அங்கேதான் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத செய்தி இருக்கிறது. முதலில் ஜாதகம். பழைய ஜாதகக் குறிப்புகளில் "இன்னார் பேரன், இன்னார் குமாரன்" என்று மூன்று தலைமுறையை ஒரே வரியில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். ஆனால் தேதியைக் கவனமாக மாற்ற வேண்டும். தமிழ் வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். தாது வருஷம் என்றால் 1876 ஆகவும் இருக்கலாம், 1936 ஆகவும் இருக்கலாம்; முதலாவது, தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு. வருடம் சித்திரையில், அதாவது ஏப்ரல் நடுவில், தொடங்குவதால் தாது வருஷம் மாசி மாதம் பிறந்தவரின் ஆங்கில ஆண்டு 1936 அல்ல, 1937. இந்த ஓராண்டுப் பிழை மிகவும் சாதாரணம். பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகவில்லை என்று சரியான ஜாதகத்தையே ஒதுக்கிவிடுகிறார்கள்.

அடுத்து பித்தளைப் பாத்திரங்கள். சீராக வந்த குடம், அண்டா, தாம்பாளம் ஆகியவற்றின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக உளி கொண்டு பொறித்த எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து ஊரைக் குறிப்பதாக இருக்கலாம், அடுத்தது அப்பாவை. பிறகு பெயர், சில சமயம் தேதி. சீர்ப் பாத்திரமாக இருந்தால் அது பெண் வீட்டுப் பெயரைத் தாங்கியிருக்க வாய்ப்பு அதிகம், ஆகவே பாட்டியின் வழியைக் காட்டும். எழுத்து தேய்ந்திருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், மேலும் அழியும். மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்து உரசி எடுங்கள்; இல்லையென்றால் இருட்டில் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுங்கள்.

கல்யாணப் பத்திரிகைகளும் கருமாதிப் பத்திரிகைகளும் அடுத்த புதையல். மணமக்களின் தாத்தா பெயர், ஊர், தாய்மாமன் பெயர் எல்லாம் ஒரே அட்டையில் வந்துவிடும். பழைய இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்தால் ஊர், தாலுகா, ஜில்லா அதில் இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். ஊரிலிருந்து வந்த நீலநிற ஏர்மெயில் கடிதங்களின் பின்பக்க முகவரி, மணியார்டர் ரசீது, இவையும் அப்படித்தான். கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு உறையைத் தூக்கிப் போட்ட வீடுகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அஞ்சல் முத்திரை இருந்தது உறையில்தான்.

இனி அரசாங்கப் பதிவுகள். பிறப்பு, இறப்புச் சான்றுகளின் நகல்களுக்குக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பிள்ளை, அப்பா, அம்மா மூவரின் பெயரும் சேர்ந்து வருவதால் சங்கிலிக்கு அதுவே முதல் தரம். அதன் குறை, அப்பா பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் இந்தியா என்று மட்டும் இருக்கும், ஊர் இருக்காது. தாத்தா இந்தியாவில் பிறந்தவர் என்றால் அவருக்கு இங்கே பிறப்புச் சான்றிதழே இல்லை. இறப்புச் சான்றிதழில் பெயரோடு ஒட்டி வரும் எஸ்/ஓதான் அவருடைய அப்பா பெயரைச் சொல்லும் ஒரே அரசாங்கச் சான்றாக இருக்கலாம். இறப்பைப் பதிந்தவர் யார், என்ன உறவு என்பதையும் பாருங்கள். மறந்துபோன ஒரு மருமகனோ மைத்துனனோ அங்கே வெளிப்படுவார்.

பெயர் எழுத்துக்கூட்டல் பெரிய தலைவலி. தமிழ் தெரியாத எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். லட்சுமி ஒரு தாளில் எல்-ஏ-கே-எஸ்-எச்-எம்-ஐ, இன்னொன்றில் எல்-இ-டி-சி-எச்-யு-எம்-ஐ, மூன்றாவதில் எல்-ஏ-டி-சி-எச்-எம்-ஐ. சுப்பிரமணியத்துக்கு பி போட்டதும் உண்டு, பிபி போட்டதும் உண்டு. தேடும்போது குறைந்தது நான்கைந்து எழுத்துக்கூட்டலை எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். பிள்ளை, தேவர் போன்ற பட்டம் ஒரு தாளில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போனால் ஆள் வேறு என்று முடிவு கட்டாதீர்கள். 1929–30இல் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்துபோன பிறகு, 1930களின் சீர்திருத்த இயக்கக் காலத்தில் பட்டத்தை விட்டவர்கள் உண்டு. ஜோகூரிலோ பினாங்கிலோ பதிவானவர்களின் தாளில் எஸ்/ஓ, டி/ஓவுக்குப் பதில் ஏ/எல், ஏ/பி இருக்கும்.

வயதும் அப்படித்தான். 1948இல் அவசரகாலம் வந்து அடையாள அட்டை கொடுத்தபோதும், 1966இல் குடியுரிமை அடிப்படையில் மறுபதிவு நடந்தபோதும், பிறப்புச் சான்று இல்லாதவர்கள் வாயால் சொன்ன வயதே பதிவானது. ஒரே மனிதரின் இரண்டு தாளுக்கும் இடையே ஐந்து வயது வித்தியாசம் இருந்தாலும், அப்பா பெயரும் மனைவி பெயரும் முகவரியும் ஒத்துப்போனால் அவர் அதே ஆள்தான்.

ஜப்பானியர் காலத்துத் தாளில் 2603 என்று ஆண்டு போட்டிருந்தால் திகைக்க வேண்டாம். அது ஜப்பானியப் பேரரசு ஆண்டு. 660ஐக் கழித்தால் 1943. அந்த மூன்றரை ஆண்டுகளில், முக்கியமாக சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பாத பலருக்கு, இறப்புப் பதிவு என்று ஒன்று இல்லவே இல்லை. உங்கள் வம்சத்தில் 1942க்குப் பிறகு ஓர் ஆண் திடீரென்று காணாமல் போனால் முதலில் அந்தத் திசையில் விசாரியுங்கள்.

திருமணப் பதிவைத் தேடுகிறவர்கள் ஓர் ஆண்டை நினைவில் வைக்க வேண்டும்: 1961. அந்த ஆண்டு மாதர் சாசனம் நடைமுறைக்கு வந்த பிறகே முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணப் பதிவு கட்டாயமானது. அதற்கு முன் கோயிலிலோ வீட்டிலோ தாலி கட்டியதோடு சரி. முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்த விஷயத்தில் நிலைமை மேல். காலனி காலத்திலேயே தனிச் சட்டமும் காதியின் பதிவும் இருந்தன. ஊர்ப் பக்கம் ஜமாஅத்தின் திருமணப் பதிவேட்டையும் கேட்கலாம். கடையநல்லூர், தென்காசிக்காரர்களுக்குச் சிங்கப்பூரிலேயே ஊர்ச் சங்கங்கள் இருப்பதால் விசாரிப்பது எளிது. கத்தோலிக்கர்களுக்குத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. ஆஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயம் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்டது. பதிவேட்டின் ஓரத்தில் பிற்காலத்தில் எழுதிய சிறு குறிப்பைத் தவறவிடாதீர்கள். ஞானஸ்நானம் பெற்றவர் பின்னாளில் எங்கே, யாரை மணந்தார் என்பது அங்கேதான் சேர்க்கப்படும். நகரத்தார் குடும்பங்களுக்கோ ஒன்பது நகரக் கோயில்கள் உண்டு. திருமணமானதும் அந்தந்தக் கோயிலில் தம்பதியைப் புள்ளியாக, அதாவது கோயில் கணக்கில் ஒரு குடும்பமாக, சேர்த்துக்கொள்வதால், தமிழர்களிலேயே மிக ஒழுங்கான வம்சப் பதிவு அவர்களுடையது.

பழைய தமிழ் முரசு இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் மின்வடிவில் இருக்கின்றன. அந்த நாளேடு 1935இல் தொடங்கியது. தேடல் பெட்டியில் பெயரைப் போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லை என்று எழுந்துவிடாதீர்கள். பழைய அச்சில் னை, லை, றா போன்ற எழுத்துகள் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் இருக்கும், கணினி தடுமாறும். இறப்புச் சான்றிதழின் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த சில நாள் இதழ்களையும், பதினாறாம் நாளை ஒட்டிய இதழ்களையும் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். இரங்கல் அறிவிப்பில் பிள்ளைகள், மருமக்கள், ஊர் எல்லாம் வரும்.

கல்லறைகளுக்கு மட்டும் அவசரம் உண்டு. சுவா சூ காங்கில் 1998 நவம்பர் முதல் புதைகாலம் 15 ஆண்டு; அது முடிந்ததும் தோண்டி எடுப்பார்கள். தலைக்கல்லில் ஊர்ப்பெயர் தமிழில் பொறித்திருந்தால், தோண்டும் முறை வருவதற்குள் காலை வெயிலில், நிழல் சாய்ந்து விழும் நேரத்தில், படம் எடுத்துவிடுங்கள். பிடாடாரி இடுகாடு 2001க்கும் 2006க்கும் இடையில் அப்புறப்படுத்தப்பட்டது. அங்கே இருந்த கற்களில் எழுதியிருந்தது பெரும்பாலும் குடும்பப் புகைப்படங்களில்தான் மிச்சம்.

கடலைக் கடந்து ஊருக்குப் போகும் கட்டத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கி, பிறகு தோட்டம், ரயில்வே, துறைமுகம் என்று அலைந்து சிங்கப்பூர் வந்தவர்கள் ஏராளம். ரஜூலா கப்பலில் வந்தார் என்று வீட்டில் சொன்னால் அது 1926க்குப் பிந்தைய பயணம். கங்காணி கூட்டி வந்தார் என்றால் பெரும்பாலும் 1938க்கு முன். அந்த ஆண்டு இந்திய அரசாங்கம் கூலித் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது. கங்காணி பொதுவாகத் தன் ஊர், தன் சுற்று வட்டாரத்து ஆட்களையே கூட்டி வந்ததால், கூட வந்தவர்களின் ஊர் தெரிந்தாலும் பாதி வேலை முடிந்தது.

தாளில் தஞ்சாவூர் ஜில்லா என்று இருந்தால் இன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் மட்டும் தேடாதீர்கள். நாகப்பட்டினம் 1991இலும், திருவாரூர் 1997இலும், மயிலாடுதுறை 2020இலும் பிரிந்தவை. திருச்சிராப்பள்ளி ஜில்லா என்றால் கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அதில் அடங்கும். ராம்நாடு என்றால் இன்றைய சிவகங்கையும் விருதுநகரும் சேரும். சேலம் என்றால் தர்மபுரி, நாமக்கல், கிருஷ்ணகிரி. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். புதூர், நல்லூர் என்ற பெயர்களில் எத்தனையோ ஊர்கள் இருப்பதால், தாலுகாவோ தபால் நிலையமோ தெரியாமல் ஊர்ப்பெயர் மட்டும் பயன்படாது.

அப்போது கைகொடுப்பது குலதெய்வம். குலதெய்வம் அப்பா வழியில் இறங்குவது. பங்காளிகள் அத்தனை பேருக்கும் ஒன்றே. கல்யாணமான பெண் கணவன் வீட்டுக் குலதெய்வத்துக்கு மாறிவிடுவதால், "பாட்டி கும்பிட்ட சாமி" என்று கேட்டால் இரண்டு பதில் வரலாம். பிறந்த வீட்டுச் சாமி எது, புகுந்த வீட்டுச் சாமி எது என்று பிரித்துக் கேளுங்கள். மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தது எந்தச் சாமிக்கு, எந்த நாளில்? மாசி மகா சிவராத்திரி என்றால் மதுரை, இராமநாதபுரம் பக்கம் பார்க்கலாம். பங்குனி உத்திரமும் சாஸ்தாவும் என்றால் திருநெல்வேலிப் பக்கம். சாமியின் பெயரோடு கோயில் எந்த ஊர்க் கண்மாய்க்கரையில், எந்தக் காட்டில் இருக்கிறது என்ற அடையாளமும் தெரிந்தால் போதும். அந்த நாளில் அங்கே போய் நின்றால் பங்காளிகள் எல்லாரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். பூசாரியிடமோ கோயில் பொறுப்பாளரிடமோ தலைக்கட்டு வரி நோட்டைக் கேளுங்கள். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. பழைய நோட்டு இருந்தால் உங்கள் தாத்தாவின் அண்ணன் தம்பி பெயர்கள் வரிசையாக இருக்கும். பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றிலும் "இன்னார் மகன் இன்னார்" என்றே வருவதால் அவையும் சங்கிலிக்கு உதவும். நீங்கள் வந்திருப்பது நிலத்தில் பங்கு கேட்கத்தான் என்று சொந்தக்காரர்கள் நினைத்துக் கதவைச் சாத்துவது நடக்கும். வந்த காரணத்தை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இந்தத் தேடலில் சாதி கண்ணில் படாமல் போகாது. காலனி காலத்துப் பதிவேடுகளில் அது எழுதப்பட்டிருக்கிறது, கோயில் நோட்டிலும் இருக்கிறது. ஆளை அடையாளம் காண ஒரு சான்றாக அதைக் குறித்துக்கொள்ளலாம். பிள்ளைகளிடம் கொடுக்கும் வம்சப் படத்தில் அதைப் பெருமையாக எழுதிவைக்க ஒரு காரணமும் இல்லை.

சேகரித்ததை மென்பொருளில் ஏற்றும்போது நம் கல்யாண முறை அதைக் குழப்பும். அத்தை மகளையோ மாமன் மகளையோ கட்டியிருந்தால், பிறக்கும் பிள்ளைக்கு எட்டுக்குப் பதில் ஆறு கொள்ளுத் தாத்தா பாட்டிகள்தான். அக்கா மகளைக் கட்டியிருந்தால் ஒரே தம்பதி அப்பா வழியில் தாத்தா பாட்டியாகவும் அம்மா வழியில் கொள்ளுத் தாத்தா பாட்டியாகவும் வருவார்கள்; நாம் போட்ட எண்களில் 4, 5 என்ற இருவரும் மறுபடி 14, 15 ஆவார்கள். அவர்களை இரண்டு ஆட்களாகப் பதியாதீர்கள். ஒரே ஆளைப் பதிந்து இரண்டு கோடுகளை இணைக்க வேண்டும். மரபணுச் சோதனை செய்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை: முறைப்பெண் கல்யாணம் பல தலைமுறையாக நடந்த வீட்டில் பங்கிடும் மரபணு அளவு கூடுதலாக வரும். தூரத்துச் சொந்தத்தையும் சோதனை நெருங்கிய உறவு என்று சொல்லிவிடும்.

ஓசிஐக்காகத் தேடுகிறவர்களுக்குப் பொதுவான எல்லை கொள்ளுத் தாத்தா பாட்டி தலைமுறை; 2015 திருத்தத்துக்குப் பிறகு கொள்ளுப் பேரப்பிள்ளை வரை சேர்த்திருக்கிறார்கள். அந்த மூதாதை இந்தியாவைச் சேர்ந்தவர் என்பதற்கு ஒரு சான்று, பிறகு அவரிடமிருந்து உங்கள் வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பிறப்புச் சான்றிதழ் அல்லது அதற்கு ஈடான தாள். விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் நடுக்கண்ணியில் பெயர் பொருந்தாததால்: அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் தாத்தா பெயர் ஒரு விதமாக, தாத்தாவின் கடவுச்சீட்டில் இன்னொரு விதமாக. இரண்டு எழுத்துக்கூட்டலும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று சத்தியப் பிரமாண ஆணையாளர் முன் செய்த பிரமாணத்தையும், இரண்டு வடிவத்தையும் இணைத்துக் காட்டும் மூன்றாவது தாள் ஒன்றையும் முதலிலேயே சேர்த்துக் கொடுங்கள். 2022 மே 29 முதல் சிங்கப்பூரில் புதிய பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள் மின்வடிவில்தான் கிடைக்கின்றன. பழைய தாள் மூலங்களைப் பிளாஸ்டிக்கில் லேமினேட் செய்யாமல், அமிலமற்ற உறையில் தட்டையாக வையுங்கள்.